அம்மை வீட்டிலிருந்து வேலைக்குப் போனவள்

ஏழு வருஷம் படித்து, நான்கு முறை தேர்வு எழுதி, அதில் ஒரு முறை ஒன்றரை மார்க்கில் கோட்டை விட்டு, கடைசியில் எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. உத்தரவு தபாலில் வந்த அன்று என் வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு நேராக லேமினேஷன் கடைக்குக் கிளம்பிவிட்டார். ஒரிஜினலுக்கே பிளாஸ்டிக் போட இருந்தவரை வாசலில் மடக்கி ஜெராக்ஸைக் கையில் கொடுத்தேன். அந்த ஜெராக்ஸ் இன்றைக்கும் அவருடைய பேட்டரி கடையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதியமான்கோட்டை ஹைவேயில் லாரிக்கு பேட்டரி மாற்ற வருகிற டிரைவர்கள் எல்லாரும் என் நியமன உத்தரவைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

வேலையில் சேர இருபத்து மூன்று நாள் அவகாசம் இருந்தது. சேரும்போது உடல்தகுதிச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். நான் புடவை எடுப்பதா, சுடிதார் தைப்பதா என்ற ஒரே கவலையில் இருந்தேன். நான்காம் நாள் காலை, இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சட்டை மாட்டும்போது வயிற்றில் ஒரு நீர்க்கொப்புளம் தெரிந்தது. கொசுக்கடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதுகைத் திருப்பினால் அங்கே ஆறு. காதுக்குப் பின்னால் இரண்டு. கொசு அவ்வளவு ஒழுங்காகக் கடிக்காது என்று எனக்கும் தெரியும். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், அவள் பெஞ்சில் உட்காரும் மூன்று பிள்ளைகளும் லீவு.

அம்மை என்று உறுதியானதும் எனக்கு முதலில் வந்தது பிள்ளையைப் பற்றிய கவலை இல்லை, வேலையைப் பற்றிய கவலைதான். இதை மறைக்க நான் விரும்பவில்லை. எனக்குச் சின்ன வயதில் அம்மை வரவில்லை. தன் மூன்று பெண்களின் உடம்பிலும் ஒரு முத்து போட்டதில்லை என்று என் அம்மா கல்யாண வீடுகளில்கூடப் பெருமை பேசுவார். அந்தப் பெருமை இப்போது என் தலையில் விடிந்தது. முகமெல்லாம் கொப்புளத்தோடு போய் நின்றால் எந்த டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்? எழுதிக் கேட்டால் அவகாசம் தருவார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஏழு வருஷம் காத்திருந்தவளுக்கு அதையெல்லாம் நம்பும் துணிச்சல் இல்லை. கதவு ஒருமுறை திறந்திருக்கிறது, அது சாத்துவதற்குள் காலை உள்ளே வைத்துவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வீட்டுக்காரர் மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கு மூன்று வயதிலேயே அம்மை வந்துவிட்டதாம். ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வராது, அதனால் பிள்ளையை அவர் பார்த்துக்கொள்வார், நான் மொட்டை மாடி அறைக்குப் போய்விட வேண்டும். நிஜமாகவே வந்ததா என்று நான் இரண்டு முறை கேட்டேன். வெயிலில் வைத்த அண்டா, அதில் மிதந்த வேப்பிலை, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது கண் எரிந்தது, எல்லாமே ஞாபகம் இருக்கிறது என்றார். ஓசூரில் மூத்த மகன் வீட்டில் இருந்த என் மாமியாரும் போனில் அதையே சொன்னார். தானே தன் கையால் மூன்று தண்ணீர் ஊற்றியதாகச் சத்தியம் செய்யாத குறை.

மாமியார் அதோடு விடவில்லை. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள், மூன்று தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பும்வரை தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, வெளியூர் போகக் கூடாது, புதுக் காரியம் தொடங்கக் கூடாது, வந்தவர்களை வா என்றும் சொல்லக் கூடாது போ என்றும் சொல்லக் கூடாது என்று ஒரு பட்டியலே படித்தார். நான் மாமியார் சொன்னதையும் கேட்டேன், ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதையும் கேட்டேன். வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டினோம், பிள்ளைக்கு லோஷனும் தடவினோம். டாக்டரம்மா எனக்குத் தடுப்பூசி போடலாம் என்றார். மருந்துக் கடையில் சேலத்திலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் நான் தலையணை, பாய், குடத்தோடு மாடி ஏறிவிட்டதால் ஊசி பேச்சோடு நின்றது.

மாடி அறை எனக்குப் புதிதில்லை. ஏழு வருஷமும் அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில்தான் வெந்து படித்தேன். வெளிப்பக்கமாகப் படி இருப்பதால் வீட்டுக்குள் கால் வைக்காமலே இருக்கலாம். சோறு ஒரு மஞ்சள் பையில் கயிறு கட்டி மேலே வரும். பாத்திரத்தை வெந்நீரில் கழுவி அதே பையில் கீழே இறக்குவேன். கீழே இருக்கிற பிள்ளையோடு மேலே இருந்தபடி வீடியோ காலில் பேசினேன். ஒரே வீட்டில், ஒரே வைஃபையில், பன்னிரண்டு படி தூரத்தில்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டே நாளில் விட்டுவிட்டது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. லோஷன் காய்ந்து உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு வாசலில் நிற்பாள், கோலம் போடப் புள்ளி வைத்த மாதிரி. தினமும் காலையில் முற்றத்தில் பாய் போட்டு உட்காருவாள். நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கதை சொல்வேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததால் பக்கத்து வீட்டு அக்காவும் துணி காயப் போடுகிற சாக்கில் அவர்கள் மாடியில் நின்று கேட்டார். ஒருநாள் நான் முயலைச் சிங்கத்தின் குகை வாசலில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் மீதிக் கதையை அந்த அக்காவே சொல்லி முடித்து, சிங்கத்தையும் முயலையும் சமாதானமாக்கி அனுப்பியிருந்தார்.

சமையல் முழுக்க வீட்டுக்காரர் பொறுப்பு. தாளிக்கக் கூடாது என்பது அவருக்கு வரமாகப் போயிற்று. பருப்பை வேகவைத்து உப்புப் போட்டால் குழம்பு, கீரையை வேகவைத்து உப்புப் போட்டால் பொரியல், ஒன்றும் போடாவிட்டால் கஞ்சி. ராகிக் களி என்று ஒன்று கிண்டி அனுப்பினார். அதில் கட்டி இருந்தது என்று சொல்வதைவிட, கட்டிகளுக்கு நடுவில் கொஞ்சம் களி இருந்தது என்று சொல்லலாம். இதற்கிடையில் ஹைவே ஓரத்துப் பரோட்டாக் கடையிலிருந்து சாயங்காலமானால் வெங்காயம் வதங்குகிற வாசம் நேராக என் மாடிக்கே வரும். கடுகு எண்ணெயில் வெடிக்கிற சத்தத்துக்காக நான் அப்படி ஏங்குவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சிரிப்பாகவே போய்க்கொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, வீடியோ காலில் பேசிக்கொண்டே இருந்த மகள் திடீரென்று, வேலை கிடைக்காமல் இருந்திருந்தால் நான் கீழேதானே இருந்திருப்பேன் என்று கேட்டாள். குறை சொல்லவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான்தான் அன்றைக்கு மஞ்சள் பையில் வந்த சோற்றை அப்படியே திருப்பி இறக்கினேன். கீழே ஓடிப்போய் அவளை அள்ளிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போகவில்லை. அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

பதினோராம் நாள் பிள்ளைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் காய்ந்த மஞ்சள் தண்ணீர் தலையில் விழ விழ அவள் குதித்ததை மேலே இருந்து பார்த்துச் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். இனி இறங்கலாமே என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். பொருக்கு உதிரும்போதுதான் அதிகமாக ஒட்டும் என்று என் அம்மா சொல்லியிருந்ததால் நான் அசையவில்லை. இன்னும் எட்டே நாள், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்றேன். அவரும் இத்தனை நாள் மூடியிருந்த கடையைத் திறந்தார். தடை நீங்கியும் அவருக்குத் தாளிக்க வராததால் அதே பருப்பும் கஞ்சியும்தான் மேலே வந்தன. பிள்ளையைக் கூடவே கூட்டிப்போய்க் கடைக்குள் உட்காரவைத்துக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் அவருக்கு உடம்பு வலி. லாரி பேட்டரி தூக்கியதால் என்றார். மறுநாள் காலை விடிந்ததும் மகள் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா மேல எனக்கு வந்த மாதிரியே இருக்கு. நெத்தியில, கழுத்துல, முதுவுல எல்லாம். அப்பாவுக்குத்தான் சின்ன வயசுலயே வந்திருச்சே, மறுபடி எப்படி வருது?"

எனக்கும் அதே சந்தேகம்தான். மாமியாருக்குப் போன் போட்டேன். முதலில் அப்படி இருக்கவே முடியாது என்றார். அப்புறம் யோசித்தார். யோசிக்க யோசிக்கக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அம்மை வந்தது மூத்தவனுக்குத்தான், இவர் அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"மூணாந் தண்ணி ஊத்துறப்ப வூட்ல இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத்தான கண்ணு ஊத்துவோம். இவனுக்கும் ரெண்டு சொம்பு ஊத்தினேன். அது ஞாபகத்துல இவனுக்கும் வந்துச்சுன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

ஆக, என் வீட்டுக்காரருக்கு வந்தது அம்மை இல்லை, இரண்டு சொம்பு தண்ணீர். அந்த இரண்டு சொம்பை நம்பி மனிதர் பதினான்கு நாள் பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தூங்கியிருக்கிறார், மிச்சம் வைத்த கஞ்சியைக் குடித்திருக்கிறார். எனக்குக் கோபமாக வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று தீர்மானிப்பதற்குள் கீழே வேறொரு சத்தம் கேட்டது.

சமையலறையில் ஸ்டூலை இழுக்கும் சத்தம். எங்கள் வீட்டு ஸ்டூலுக்கு ஒரு கால் கட்டை, இழுத்தால் தரையில் கீச்சென்று கத்தும். போனில் என்ன செய்கிறாய் என்று கத்தினேன். அப்பாவுக்கு ரொம்பச் சுடுகிறது, கஞ்சி வைக்கப் போகிறேன், லைட்டர் எங்கே இருக்கிறது என்று நிதானமாகக் கேட்டாள். ஏழு வயது. அடுப்பு மேடை அவள் கழுத்து உயரம்.

அந்தப் பன்னிரண்டு படியை நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. யோசித்து முடிவெடுத்தேன், பிள்ளையா வேலையா என்று தராசில் வைத்துப் பார்த்தேன் என்றெல்லாம் எழுதினால் பொய். சமையலறை வாசலில் நின்றபோதுதான் நான் கீழே இருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. அவள் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். தூக்கி இறக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் கையை ஊன்றி என்னைத் தள்ளினாள், எனக்கு ஒட்டிக்கொள்ளும், நான் மேலே போக வேண்டும் என்றாள். உள்ளே பாயில் கிடந்தவரும் முனகிக்கொண்டே கீழே வராதே, வராதே என்றார். இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னேன். சேர வேண்டிய நாளுக்கு இன்னும் ஐந்தே நாள். போனால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே அரிசியைக் களைந்தேன். போனால் போகட்டும் என்று சொல்வது சுலபம். உலை கொதிக்கிறவரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

பத்து மணிக்கு அவரை ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாகத்தான் இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மைக்கு மாத்திரை சாப்பிட்டதை மாமியாரிடம் சொல்லப் போவதில்லை என்று நானும் அவரும் அங்கேயே கண்ணால் பேசி முடித்துக்கொண்டோம். கிளம்பும்போது என் கதையைச் சொன்னேன். மாடி, கயிறு, மஞ்சள் பை, இன்றைக்கு எல்லாம் பாழாய்ப் போனது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்னிக்கு ஜாயினிங்?"

"இன்னும் அஞ்சு நாள் இருக்குங்க."

"இன்னிக்கு உங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா கூட வெளிய தெரியறதுக்கு ரெண்டு வாரம் ஆவும்மா. முதல் வாரம் ஒதுங்கி இருந்தது சரி. அதுக்கப்புறம் எதுக்கு மாடியில உக்காந்திருந்தீங்க?"

ஏழு வருஷம் நான் போட்ட கணக்குகளில் பாதி காலமும் வேலையும் கணக்குத்தான். பத்து ஆள் ஒரு சுவரை ஆறு நாளில் கட்டினால் நான்கு ஆள் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்வேன். சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளை விஷயத்தில், ஒரு கூட்டல் கணக்கு எனக்கு வரவில்லை. கடைசி ஒரு வாரம் நான் கீழே அவளோடு படுத்திருக்கலாம். என் கையால் ஒரு வாய்ச் சோறாவது அவளுக்கு ஊட்டியிருக்கலாம். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆட்டோவில் வரும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேன். காய்ச்சலோடு சாய்ந்திருந்தவர் பயந்துபோய் என்ன ஆயிற்று என்று கேட்டார். வேலைக்குப் போகிறேன் என்றேன்.

மாமியாரிடம் மட்டும் கேட்க வேண்டியிருந்தது. அவர் மகனுக்கு இன்னும் முதல் தண்ணீரே ஊற்றவில்லை. ஆத்தா இருக்கிற வீட்டிலிருந்து புதிதாக ஒரு காரியத்துக்குப் படி இறங்கக் கூடாது என்பது அவருடைய பட்டியலில் முக்கியமான வரி. நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனைக் கையில் எடுத்தேன். ஆனால் இரண்டு சொம்பு தண்ணீர் அவரை ரொம்ப இளக்கியிருந்தது.

"நீ போய்ச் சேரு சாமி. தப்புப் பண்ணது நானு. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அப்படி, கடவுளிடம் எனக்காக என் மாமியார் அனுமதி வாங்கினார். இதற்கு மேல் என்ன உத்தரவு வேண்டும்?

அடுத்த நான்கு நாளும் நான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினேன். ஆனால் தனியாக ஓடவில்லை. எனக்கு மகள் மேலதிகாரியாக இருந்தாள். அப்பா சொறிந்தால் கையில் அடிப்பாள். இளநீரைக் கடைசிச் சொட்டுவரை குடிக்கவைப்பாள். லோஷன் தடவும்போது அவர் தனக்குச் சொன்ன அத்தனை அதட்டலையும் வரி பிசகாமல் அவருக்கே திருப்பிச் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எனக்குத் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. கண், காது, நாக்கு எல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டு நிலவரத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். உடம்பு லேசாகச் சுட்டாலே அலுவலகத்துக்கு வராமல் வீட்டில் இருந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சேருகிற நாள் வந்தது. என் வீட்டுக்காரர் கனவு கண்டது மாலையும் காரும். கிடைத்தது, ஜன்னல் வழியாகக் கொப்புள முகத்தோடு அவர் ஆட்டிய கை. தலைக்கு மேல் வேப்பிலைக் கொத்து உரச வாசலைத் தாண்டினேன். அம்மை வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாதாம். அதனால் ஒன்றும் சொல்லாமல் ஸ்கூட்டியைக் கிளப்பினேன். தருமபுரி போகும்வரை வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். வருகைப் பதிவேட்டில் என் பெயரை எழுதி, அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் ஒரே ஒரு முறைதான் அனுபவித்திருக்கிறேன், பிரசவ வார்டில்.

மதியம் பக்கத்து மேசை அக்கா தன் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதத்தை என் தட்டில் வைத்தார். கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, எல்லாம் எண்ணெயில் பொரிந்து மினுமினுவென்று இருந்தது. பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் ஆத்தா இருக்கிறாள் என்பது நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தபடியே சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்றார், போட்டுக்கொண்டேன். இதை இன்றுவரை என் மாமியாரிடம் சொல்லவில்லை.

சேர்ந்த பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உடம்பு சுட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தால் தாடைக்குக் கீழே ஒரு முத்து. டாக்டரம்மா சொன்ன இரண்டு வாரம், ஒரு நாள் முன்பின் இல்லாமல் வந்து நின்றது. எனக்கு வருத்தமே வரவில்லை. உட்கார்ந்து, தாள் எடுத்து, அனுப்புநர் பெறுநர் எல்லாம் போட்டு, அம்மை கண்டிருப்பதால் விடுப்பு அளிக்கும்படி அழகாக எழுதினேன். அரசுப் பணியில் நான் எழுதிய முதல் கடிதம் அதுதான். அதையும் லேமினேட் செய்து மாட்டலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் முகத்தில் அப்போது பொருக்கு பாதி உதிர்ந்திருந்தது.

மதியம் பாயில் வேப்பிலை பரப்பிப் படுத்தேன். காய்ச்சல் கூடியிருந்தது, தலை கனத்தது. மகள் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து என் பாயை ஒட்டி நின்றாள். இத்தனை நாள் பழக்கத்தில் நான் கையை நீட்டி, கிட்டே வராதே, தள்ளி நில் என்றேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் தெரியாதவளுக்கு விளக்கிச் சொல்கிற பொறுமை அந்த முகத்தில் இருந்தது.

"எனக்கு இனிமே ஒட்டவே ஒட்டாதும்மா. நீ கொஞ்சம் நவுந்து படு."

நகர்ந்து படுத்தேன்.